குதிரைக்கு எத்தனை உறவினர்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிகளில் விலங்குகளைப் பற்றிப் பேசப் போனால் கைதட்டல் எல்லாம் யானைக்கும் புலிக்கும்தான். கேள்வி நேரம் தொடங்கியதும் குதிரையும் கழுதையும் எங்கிருந்தோ வந்து நின்றுவிடும். பிள்ளைகள் கேட்டவற்றையும், வாசல்வரை வந்து வழியனுப்பும் ஆசிரியர்கள் தயங்கித் தயங்கிக் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எங்கிருந்து வேண்டுமானாலும் படிக்கலாம். நேரம் குறைவு என்றால் பாடப்புத்தகப் படத்தைப் பற்றிய பதிலை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

குதிரைக் குடும்பத்தில் இன்று உயிரோடு இருப்பவை எவை?

ஏழு இனங்கள். முதலில் குதிரை, வீட்டுக் குதிரையும் மங்கோலியாவின் தாக்கி என்ற குதிரையும் இதில் அடக்கம். அடுத்து மூன்று கழுதைகள்: நம் ஊர்க் கழுதைக்கு மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுக்கழுதை, ஆசியக் காட்டுக்கழுதை, திபெத்திய மேட்டுநிலத்தில் வாழும் கியாங். கடைசியாக மூன்று வரிக்குதிரைகள்: சமவெளி வரிக்குதிரை, மலை வரிக்குதிரை, கிரேவி வரிக்குதிரை. (கிரேவிக்கும் குழம்புக்கும் சம்பந்தமில்லை. 1880களில் பிரான்சின் குடியரசுத் தலைவராக இருந்த ஜூல் கிரேவியின் பெயர் அது.)

இந்த ஏழும் ஈக்வஸ் என்ற ஒரே பேரினத்துக்குள் அடங்கிவிடுகின்றன. மாடு, ஆடு, இரலை எல்லாம் சேர்ந்த மாட்டுக் குடும்பத்தில் நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குதிரைக் குடும்பம் ஒரு காலத்தில் ஓகோவென்று வாழ்ந்து, இன்று ஓர் அறையில் ஒடுங்கிவிட்ட பெரிய வீட்டைப் போலத் தெரியும். குடும்பத்துக்கு வெளியே இருக்கும் மிக நெருங்கிய சொந்தம் காண்டாமிருகமும், நீண்ட மூக்கோடு பன்றிபோல் தோன்றும் டாபிரும்.

கழுதை என்பது வளர்ச்சி குன்றிய குதிரையா?

இல்லை. இரண்டும் தனித்தனி இனங்கள். அவற்றின் வழிகள் பிரிந்து ஏறத்தாழ நாற்பது லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62. வரிக்குதிரைகளில் கிரேவிக்கு 46, சமவெளி வகைக்கு 44, மலை வகைக்கு 32 மட்டுமே. இவ்வளவு குறைந்த காலத்தில் இவ்வளவு தாறுமாறாக எண்ணிக்கை மாறிய பாலூட்டிக் குடும்பங்கள் அதிகமில்லை.

கழுதையைக் குதிரையோடு ஒப்பிட்டு இளப்பமாகப் பேசுவது நம் பழக்கம். நாம் கழுதையின் பிடிவாதம் என்று சொல்வதை அதன் பூர்வீகத்திலிருந்து பார்க்க வேண்டும். குதிரை திறந்த புல்வெளியில் கூட்டமாக வாழ்ந்த விலங்கு, பயந்தால் ஓடிவிடும். கழுதையின் முன்னோர்கள் வடகிழக்கு ஆப்பிரிக்காவின் கல்லும் பாறையுமான வறண்ட நிலத்தில் தனித்தும் சிறு குழுக்களாகவும் வாழ்ந்தன. கண்ணை மூடிக்கொண்டு ஓடினால் கால் முறியும் இடம் அது. அதனால் கழுதை நின்று, பார்த்து, யோசித்துவிட்டுத்தான் அடியெடுத்து வைக்கிறது. பின்னாலிருந்து தடியோடு நிற்பவருக்குத்தான் அது பிடிவாதம்.

கோவேறு கழுதை எப்படிப் பிறக்கிறது? அது ஏன் குட்டி போடுவதில்லை?

ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. ஆண் குதிரைக்கும் பெண் கழுதைக்கும் பிறக்கும் கலப்பும் உண்டு. அது பொதுவாகச் சற்றுச் சிறியது, அரிதாகவே வளர்க்கப்படுகிறது. தாயிடமிருந்து 32, தந்தையிடமிருந்து 31 என்று கோவேறு கழுதைக்கு 63 குரோமோசோம்கள் வந்து சேர்கின்றன. உடல் வளர இது போதும். ஆனால் விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர வேண்டும். அங்கே கணக்கு உதைக்கிறது. பெண் கோவேறு கழுதை குட்டி ஈன்றதாக மிக அபூர்வமான பதிவுகள் உண்டு. ஆண் விலங்கு தந்தையானதாக இல்லை.

மலடு என்றாலும் வேலையில் இரு பெற்றோரையும் மிஞ்சக்கூடியது. குதிரையின் உடல், கழுதையின் நிதானம். இந்திய ராணுவம் மலை எல்லைகளில் இன்னும் இதை நம்பியிருப்பது சும்மா இல்லை. சங்கப் பாடல்களில் கழிமுகத்துச் சேற்றில் நடந்து வரும் 'அத்திரி' என்ற விலங்கையும் உரைகாரர்கள் கோவேறு கழுதை என்றே கொள்கிறார்கள்.

கலப்பு விலங்குகளில் எனக்குப் பிடித்த கதை வேறொன்று. மெசபடோமியாவில் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன், வீட்டுக் குதிரை அங்கே வந்து சேர்வதற்கும் முன்பே, 'குங்கா' என்ற விலங்கு அரசர்களின் வண்டியை இழுத்தது. களிமண் பலகைகளில் அதற்குச் சாதாரணக் கழுதையைவிடப் பல மடங்கு விலை எழுதியிருக்கிறது. அது என்ன விலங்கு என்று யாருக்கும் தெரியவில்லை. சிரியாவின் உம் எல் மர்ரா என்ற இடத்தில் முழு எலும்புக்கூடுகளாகப் புதைக்கப்பட்டிருந்தவற்றின் மரபணுவைப் படித்து 2022இல் விடை சொன்னார்கள்: தாய் வீட்டுக் கழுதை, தந்தை சிரியக் காட்டுக்கழுதை. மனிதர் திட்டமிட்டு உருவாக்கியதாக இதுவரை தெரிந்த முதல் கலப்பு விலங்கு அதுதான். அதை இனி உருவாக்கவும் முடியாது. சிரியக் காட்டுக்கழுதை 1927இல் முற்றாக அழிந்துவிட்டது. அந்தக் கடைசி விலங்கு இறந்தது வியன்னாவின் விலங்குக் காட்சிச்சாலையில்.

பாடப்புத்தகத்தில் சிறிய குதிரையிலிருந்து பெரிய குதிரைவரை வரிசையாக ஒரு படம் இருக்கிறதே, அது சரியா?

படத்தில் உள்ள விலங்குகள் எல்லாம் உண்மையில் வாழ்ந்தவைதான். வரிசைதான் தவறு.

அந்தப் படத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1876இல் டார்வினின் நண்பரான தாமஸ் ஹக்ஸ்லி அமெரிக்காவுக்குப் போனார். யேல் பல்கலைக்கழகத்தில் ஓத்னியல் மார்ஷ் என்ற தொல்லுயிர் ஆய்வாளர் குதிரைப் புதைபடிவங்களைப் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்திருந்தார். குதிரைகள் ஐரோப்பாவில் உருவானவை என்று நம்பிக்கொண்டு போன ஹக்ஸ்லி, மார்ஷின் பெட்டிகளைப் பார்த்துத் தன் கருத்தை அங்கேயே மாற்றிக்கொண்டார். ஒரு விரல், மூன்று விரல், நான்கு விரல் என்று எலும்புகளை அடுக்கிப் பார்த்தால் பரிணாமம் கண்முன்னே நடப்பதுபோல் இருந்தது. பரிணாமம் என்ற கருத்து அப்போது வழக்காடிக்கொண்டிருந்த காலம். அதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? படம் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. (பரிணாமம் என்ற சொல்லிலேயே பரி இருக்கிறதே என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தப் 'பரி' வடமொழி முன்னொட்டு. குதிரைக்கும் அதற்கும் உறவில்லை. ஆனாலும் அவள் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.)

சிக்கல் என்னவென்றால், மார்ஷுக்குப் பிறகு கிடைத்த எலும்புகள் வரிசையில் நிற்க மறுத்துவிட்டன. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஆஷ்ஃபால் என்றோர் இடம் இருக்கிறது. சுமார் 1.2 கோடி ஆண்டுகளுக்கு முன் தொலைவில் வெடித்த எரிமலையின் சாம்பல் அங்கே மழைபோல் விழுந்தது. ஒரு நீர்நிலையைச் சுற்றி நின்ற விலங்குகள் சாம்பலைச் சுவாசித்துச் செத்து, விழுந்த நிலையிலேயே புதைந்தன. அங்கே கிடைத்த குதிரைகள் மட்டும் ஐந்து வகை. மூன்று விரல் குதிரைகளும், பக்க விரல்களை இழந்துகொண்டிருந்த வகையும் ஒரே குட்டையில் தண்ணீர் குடித்திருக்கின்றன. மூன்று விரல் 'பழைய மாடல்', ஒற்றை விரல் 'புதிய மாடல்' என்ற கதை இந்த ஒரு குட்டையிலேயே மூழ்கிவிடுகிறது.

உடல் அளவும் ஒரே திசையில் போகவில்லை. பெரிதான கிளைகளும் உண்டு, மறுபடி சிறுத்த கிளைகளும் உண்டு. நானிப்பஸ் என்ற குதிரை ஒரு சிறிய மானின் அளவுக்குச் சுருங்கி, அப்படியே பல லட்சம் ஆண்டுகள் சுகமாக வாழ்ந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையை நாம் இழிவாகச் சொல்கிறோம். இந்தக் குடும்பத்தில் தேய்வதும் பிழைக்கும் வழிகளில் ஒன்றாக இருந்திருக்கிறது.

ஆகவே படம் வரைய வேண்டுமென்றால் ஏணியாக வரையாமல் அடர்ந்த புதராக வரையுங்கள். அந்தப் புதரில் ஒரே ஒரு கொப்புத் தவிர மற்றதெல்லாம் பட்டுப்போய்விட்டது. மிஞ்சிய கொப்பின் நுனியில் நின்றுகொண்டு அடிவரை ஒரு கோடு இழுத்தால் எந்தப் புதரும் ஏணியாகத்தான் தெரியும். நூற்றுக்கணக்கான வகை வௌவால்களுக்கு அப்படி ஒரு கோடு இழுக்க யாருக்கும் தோன்றுவதில்லை. தோற்றுப்போன குடும்பங்களுக்குத்தான் நேர்க்கோட்டு வரலாறு எழுத வசதியாக இருக்கிறது.

முதல் குதிரை எவ்வளவு பெரியது?

ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்கக் காடுகளில் வாழ்ந்தது ஒரு சிறு நாய் அளவு விலங்கு. முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் மூன்று. தின்றது இலையும் பழமும். மார்ஷ் இதற்கு இயோஹிப்பஸ், அதாவது விடியற்காலக் குதிரை என்று பெயரிட்டார். இதே போன்ற ஒரு விலங்கு இங்கிலாந்தில் முன்பே கிடைத்திருந்தது. ரிச்சர்ட் ஓவன் 1841இல் அதை விவரித்தபோது அது குதிரையின் உறவு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பாறைமுயல் என்னும் ஹைராக்ஸைப் போன்றது என்று கருதி ஹைராகோதீரியம் என்று பெயர் வைத்தார். அந்த எலும்பைப் பார்த்தால் யாருக்கும் குதிரை நினைவுக்கு வராது. ஓவனைக் குறை சொல்ல மாட்டேன்.

இன்னும் சிறிய ஒன்றும் உண்டு. சிஃப்ரிப்பஸ் என்ற தொடக்ககாலக் குதிரை சுமார் ஐந்தரைக் கிலோ எடையோடு தொடங்கியது. பூமி திடீரென்று பல டிகிரி சூடேறிய காலம் அது. அமெரிக்காவின் வயோமிங்கில் கிடைத்த பற்களை அளந்தபோது, வெப்பம் ஏற ஏற அந்த விலங்கு நான்கு கிலோவுக்கும் கீழே, வீட்டுப் பூனை அளவுக்குச் சிறுத்ததும், வெப்பம் தணிந்தபின் ஏழு கிலோவரை பெருத்ததும் தெரியவந்தது.

இந்தியாவுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. குஜராத்தில் சூரத்துக்கு அருகிலுள்ள வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கேம்பேதீரியம் என்ற விலங்கின் எலும்புகள் கிடைத்தன. வயது ஏறத்தாழ 5.45 கோடி ஆண்டுகள். இது குதிரையில்லை, ஆனால் குதிரை, காண்டாமிருகம், டாபிர் மூன்றுக்கும் பொதுவான மூதாதை எப்படி இருந்திருக்கும் என்பதற்கு மிக நெருக்கமானது. இந்தியத் துணைக்கண்டம் ஆசியாவோடு மோதுவதற்கு முன் தனித் தீவுபோல் மிதந்து வந்த காலத்தில் இந்த மூன்றும் அடங்கிய விலங்கு வரிசையே இங்கே தோன்றியிருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள்.

மற்ற விரல்கள் எங்கே போயின?

குதிரை நிற்பது நடுவிரல் நுனியில். குளம்பு என்பது நகம். நாம் முன்னங்கால் முட்டி என்று நினைப்பது உண்மையில் அதன் மணிக்கட்டு. குதிரையின் காலை நீங்களே உங்கள் கையில் கற்பனை செய்து பார்க்கலாம்: நடுவிரலை மட்டும் மேசையில் செங்குத்தாக ஊன்றி மற்ற விரல்களை மடக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம், நான்காம் விரல்களுக்கு உரிய எலும்புகள் முழுதாகப் போய்விடவில்லை. நடு எலும்பின் இருபுறமும் குச்சிபோல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சில நேரம் அவற்றில் வீக்கம் வந்து குதிரை நொண்டும். எப்போதாவது கூடுதல் விரலோடு குட்டி பிறப்பதும் உண்டு. ஜூலியஸ் சீசர் அப்படிப்பட்ட குளம்புகள் கொண்ட குதிரையில் ஏறினார் என்று ரோமானியர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு குறைத்ததில் என்ன லாபம்? காலின் நுனி எவ்வளவு இலேசோ, அதை முன்னும் பின்னும் வீசுவதற்கு அவ்வளவு குறைந்த சக்தி போதும். தசைகள் எல்லாம் மேலே உடலோடு ஒட்டி இருக்க, கீழே நீண்ட தசைநாண்கள் ரப்பர்போல் இழுபட்டுச் சுருங்கி ஒவ்வோர் அடியிலும் சக்தியைத் திருப்பித் தருகின்றன. குளம்பொலி கேட்கும்போது நாம் கேட்பது நான்கு நகங்கள் தரையைத் தட்டும் சத்தம்.

புல்லுக்கும் பல்லுக்கும் என்ன தொடர்பு?

எதுகைக்காகக் கேட்டதுபோல் இருந்தாலும் நல்ல கேள்வி. இலை மென்மையானது. புல்லில் சிலிக்கா என்ற மணற்சத்து உண்டு. தரையோடு ஒட்டி மேயும்போது புழுதியும் சேர்ந்து வாய்க்குள் போகும். தினமும் மணற்காகிதத்தை மென்றால் பல் என்ன ஆகும்? ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்னிருந்து வட அமெரிக்காவில் காடுகள் விலகிப் புல்வெளிகள் பரவியபோது, நெட்டையான பல் கொண்ட குதிரைக் கிளைகள் தழைத்தன. இலை தின்றே வாழ்ந்த கிளைகளும் சில காலம் தாக்குப்பிடித்துப் பிறகு மறைந்தன.

இன்றைய குதிரையின் கடைவாய்ப் பல்லில் பெரும்பகுதி ஈறுக்குள் ஒளிந்திருக்கிறது. தேயத் தேய ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் என்று மேலே எழும்பிக்கொண்டே இருக்கும். தேய்மானத்தை வைத்து வயதைச் சொல்லிவிடலாம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்ற நம் பழமொழி குதிரைச் சந்தைக்கும் அப்படியே பொருந்தும். சேமித்து வைத்த பல் தீர்ந்துவிட்டால் காட்டுக்குதிரையின் ஆயுளும் தீர்ந்தது.

மாடுபோல் குதிரை ஏன் அசைபோடுவதில்லை?

மாட்டின் நொதிக்கும் கிடங்கு குடலுக்கு முன்னால் இருக்கிறது, குதிரையின் கிடங்கு குடலின் பின்பகுதியில். மாடு ஒவ்வொரு கவளத்தையும் திரும்ப மென்று சத்தை முழுதாகப் பிழிந்துகொள்கிறது. குதிரை அவ்வளவு பிழிவதில்லை. பதிலாக நிறையத் தின்று விரைவாக வெளியே தள்ளுகிறது. சாணியையும் லத்தியையும் உடைத்துப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்: லத்தியில் நார் நாராகத் தெரியும். கேவலமான காய்ந்த புல் ஏராளமாகக் கிடைக்கும் இடத்தில் குதிரையின் வழி வெல்லும். அதனால்தான் கியாங்கும் காட்டுக்கழுதையும் மாடு மேயத் தயங்கும் நிலங்களில் வாழ்கின்றன. இது போக, குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து.

அமெரிக்காவில் உருவான விலங்கு என்கிறீர்கள். ஸ்பானியர் வந்தபோது அங்கே குதிரையே இல்லையே?

ஆம், பூர்வீக வீட்டிலேயே வாரிசில்லாமல் போன குடும்பம் இது. பேரினமான ஈக்வஸ் அங்கேதான் 40 முதல் 45 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தோன்றியது. கனடாவின் யூகான் பகுதியில் உறைமண்ணிலிருந்து கிடைத்த ஏழு லட்சம் ஆண்டுப் பழமையான ஒரு குதிரை எலும்பின் மரபணுத் தொகுதியை 2013இல் படித்து இந்தக் காலத்தைக் கணித்தார்கள். கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில் அலாஸ்காவிலிருந்து சைபீரியாவுக்கு நிலப்பாலம் இருந்தது. அதன் வழியே வந்தவைதான் ஆசியா, ஆப்பிரிக்காவின் இன்றைய இனங்கள் அனைத்தும். அதற்கு வெகு முன்பே, ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன், ஹிப்பாரியன் வகை மூன்று விரல் குதிரைகள் ஒருமுறை வந்து சிவாலிக் மலைகள்வரை பரவியிருந்தன. அவை இன்று இல்லை.

சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கக் குதிரைகள் அழிந்தன. உறைமண்ணில் தங்கிய மரபணுத் துணுக்குகளை வைத்து, வடக்கே சிறு கூட்டங்கள் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்வரைகூடத் தாக்குப்பிடித்திருக்கலாம் என்கிறது ஓர் ஆய்வு. பனியுகம் முடிந்து புல்வெளிகள் மாறியது காரணமா, வேட்டையாடிய மனிதர் காரணமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இரண்டும் சேர்ந்துதான் என்பது என் எண்ணம்; தட்பவெப்ப மாற்றங்களை அவை முன்பும் பலமுறை கடந்து வந்திருக்கின்றன.

கொலம்பஸ் 1493இல் தன் இரண்டாம் பயணத்தில் குதிரைகளைக் கப்பலில் கொண்டுவந்தார். 1519இல் ஸ்பானியப் படைத்தலைவர் கோர்டெஸ் பதினாறு குதிரைகளோடு மெக்சிகோவில் இறங்கினார். அமெரிக்கச் சமவெளிகளில் சுற்றும் மஸ்டாங்குகள் இப்படி வந்தவற்றின் வழித்தோன்றல்கள்.

குதிரையை முதலில் பழக்கியவர்கள் யார்?

இன்று உலகெங்கும் உள்ள வீட்டுக் குதிரைகளின் வேர் வோல்கா, டான் நதிகளுக்கு இடைப்பட்ட புல்வெளியில் இருக்கிறது என்பதை 2021இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு காட்டியது. ஏறத்தாழ கிமு 2200க்குப் பிறகு அந்த ஒரு வம்சம் சில நூற்றாண்டுகளுக்குள் ஐரோப்பா, ஆசியா முழுக்கப் பரவி, அங்கங்கே இருந்த மற்றக் குதிரைகளை ஓரங்கட்டிவிட்டது. அந்த வம்சத்தில் திரும்பத் திரும்பத் தெரியும் இரண்டு மரபணு மாற்றங்களில் ஒன்று முதுகு வலிமையோடும் மற்றொன்று சாந்த குணத்தோடும் தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. ஏறி உட்காருபவருக்கு வேறென்ன வேண்டும்?

கழுதை இதற்கெல்லாம் மூத்தது. ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிழக்கு ஆப்பிரிக்காவில் பழக்கப்பட்டுவிட்டது. மரியாதை மட்டும் பின்னால் வந்தவருக்குப் போய்விட்டது.

உண்மையான காட்டுக்குதிரை இன்னும் இருக்கிறதா?

தாக்கி ஒன்றைத்தான் சொல்ல முடியும். ரஷ்யப் பயணி ப்ரெஷ்வால்ஸ்கியின் பெயரால் உலகம் அதை அறியும். குட்டையான உடல், தடித்த கழுத்து, நிமிர்ந்து நிற்கும் பிடரி, மணல் நிறம். குரோமோசோம் 66. 1960களின் இறுதியோடு மங்கோலியாவின் காட்டில் அது கண்ணில் படுவது நின்றுவிட்டது. விலங்குக் காட்சிச்சாலைகளில் மிஞ்சியிருந்தவை எல்லாம் ஒரு டஜன் விலங்குகளின் சந்ததி. அவற்றிலிருந்து பெருக்கி 1992இல் மங்கோலியாவின் ஹுஸ்தாய் பகுதிக்குத் திரும்பக் கொண்டுபோனார்கள். 2020இல், நாற்பது ஆண்டுகள் உறைய வைத்திருந்த உயிரணுவிலிருந்து குளோனிங் முறையில் ஒரு குட்டி அமெரிக்காவில் பிறந்தது. மரபு வளம் குறைந்துபோன கூட்டத்துக்கு இழந்த சொத்தில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கும் முயற்சி அது.

இதிலும் ஒரு வில்லங்கம். கஜகஸ்தானின் பொதாய் என்ற இடத்தில் 5,500 ஆண்டுகளுக்கு முன் மக்கள் குதிரைகளை வளர்த்தார்கள் என்று கருதப்படுகிறது. தாக்கி அந்தக் குதிரைகளின் வழிவந்தது என்று 2018இல் ஓர் ஆய்வு சொன்னது. அப்படியானால் தாக்கியும் வீடு விட்டுக் காடேறியதுதானா? பொதாய் மக்கள் வளர்த்தார்களா, வெறுமனே வேட்டையாடினார்களா என்பதே இன்று சர்ச்சைக்குரியது. நான் தாக்கியைக் காட்டுக்குதிரை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வரிக்குதிரைக்கு வரி எதற்கு?

ஒளிந்துகொள்ள, சிங்கத்தின் கண்ணைக் குழப்ப, உடலைக் குளிர்விக்க என்று பல விளக்கங்கள் சொல்லப்பட்டன. இப்போது கை ஓங்கியிருப்பது கொசுறாகத் தோன்றும் ஒரு விளக்கம்: ஈ. கடிக்கும் ஈக்கள் அதிகமுள்ள பகுதிகளில்தான் வரிகள் அடர்த்தியாக இருக்கின்றன. 2019இல் பிரிட்டனில் சாதாரணக் குதிரைகளுக்கு வரிபோட்ட போர்வையைப் போர்த்திப் பார்த்தார்கள். ஈக்கள் பக்கத்தில் வருவது குறையவில்லை. வந்தவை தரையிறங்கத் தெரியாமல் தடுமாறின. அதே ஆண்டில் ஜப்பானில் கறுப்பு மாடுகளுக்கு வெள்ளை வரி தீட்டினார்கள். ஈ கடிப்பது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அந்த மாட்டு ஆய்வுக்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக்நோபல் பரிசு 2025இல் கிடைத்தது.

கறுப்பில் வெள்ளையா, வெள்ளையில் கறுப்பா? மயிரை மழித்தால் தோல் கறுப்பு. ஆகவே கறுப்பில் வெள்ளை.

வரிக்குதிரையில் ஏன் யாரும் ஏறுவதில்லை?

முயன்றார்கள். வால்டர் ரோத்ஸ்சைல்ட் என்ற செல்வந்தர் லண்டன் தெருக்களில் வரிக்குதிரை பூட்டிய வண்டியில் போய்க் காட்டினார். ஏறிக்கொண்டு போனதாகத் தெரியவில்லை. தனி விலங்கைப் பழக்குவது வேறு, தலைமுறை தலைமுறையாக ஓர் இனத்தையே வீட்டு விலங்காக்குவது வேறு. சிங்கமும் கழுதைப்புலியும் மனிதனும் வேட்டையாடிய மண்ணில் வளர்ந்த விலங்கு அது, கடித்தால் விடாது. கூட்டத்தில் தலைமை கிடையாது, அதனால் பழக்க முடியவில்லை என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. அது கிரேவிக்குப் பொருந்தும். சமவெளி வரிக்குதிரை குதிரையைப் போலவே ஓர் ஆணும் சில பெண்களுமாகக் குடும்பம் நடத்துகிறது.

தென்னாப்பிரிக்காவில் பாதி உடலில் மட்டும் வரி கொண்ட குவாகா என்ற வகை இருந்தது. கடைசி குவாகா 1883 ஆகஸ்ட் 12 அன்று ஆம்ஸ்டர்டாமில் இறந்தது. நூறு ஆண்டு கழித்து, 1984இல், அருங்காட்சியகத் தோலில் ஒட்டியிருந்த தசையிலிருந்து மரபணுத் துண்டுகளைப் படித்தார்கள். அழிந்துபோன ஒரு விலங்கின் மரபணு படிக்கப்பட்டது அதுவே முதல் முறை. தனி இனமென்று எண்ணியிருந்த குவாகா, சமவெளி வரிக்குதிரையின் ஒரு கிளைதான் என்று பின்னர் உறுதியானது.

இந்தியாவில் காட்டு வகைகளைப் பார்க்க முடியுமா?

இரண்டைப் பார்க்கலாம். குஜராத்தின் சின்ன ரண் உப்புநிலத்தில் ஆசியக் காட்டுக்கழுதையின் இந்தியக் கிளை வாழ்கிறது; ஊர்க்காரர்கள் குட்கர் என்பார்கள். மழைக்காலத்தில் ரண் முழுக்க நீர் பரவ, 'பேட்' என்னும் மேட்டுத் திட்டுகளில் ஒதுங்கி நின்று மேயும். 1960களில் நோய்களும் வறட்சியும் சேர்ந்து சில நூறாகக் குறைத்துவிட்டன. பிறகு சரணாலயம் அமைந்தது. 2020 கணக்கெடுப்பில் 6,082, 2024இல் 7,672. எண்ணிக்கை கூடக்கூட அவை சரணாலயத்துக்கு வெளியே வயல்களிலும் இறங்குகின்றன. விவசாயிகளின் முணுமுணுப்பில் நியாயம் இருக்கிறது. அத்தனையும் ஒரே பகுதியில் வாழ்வதால் இன்னொரு நோய் வந்தால் என்னாகும் என்ற கவலையும் போகவில்லை.

மற்றது லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்துக் கியாங். காட்டுக்கழுதைகளில் இதுவே பெரியது. ஹான்லே பக்கம் சாலையில் போனால் வண்டியோடு போட்டிபோட்டு ஓடிவிட்டு, முன்னால் குறுக்கே கடந்து போய் நின்று திரும்பிப் பார்க்கும். சிக்கிமின் வடகோடியிலும் கொஞ்சம் உண்டு.

தமிழகத்தில் குதிரை எப்போதும் இருந்ததா?

காட்டு விலங்காக இல்லை. வந்தது கடல்வழி. காவிரிப்பூம்பட்டினத்தில் 'நீரின் வந்த நிமிர்பரிப் புரவி' இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. பாண்டியர் காலத்தில் அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். அவற்றில் நூறுகூட ஆண்டு முடிவில் மிஞ்சுவதில்லை என்றும், இலாடம் அடிக்கவோ பராமரிக்கவோ தெரிந்தவர்கள் இல்லை என்றும், சோற்றையும் இறைச்சியையும் சமைத்துப் போடுகிறார்கள் என்றும் மார்க்கோ போலோ வியந்து எழுதினார். சோறு தின்ற குதிரையின் குடல் என்ன பாடு பட்டிருக்கும் என்று மேலே அசைபோடும் கேள்வியைப் படித்தவர்கள் ஊகிக்கலாம். குதிரை வாங்கக் கொடுத்த பொன் கோயிலுக்குப் போய், நரி பரியாகி, பரி மறுபடி நரியான மாணிக்கவாசகர் கதை, இந்த இறக்குமதிச் செலவு எவ்வளவு பெரிய விவகாரமாக இருந்திருக்கும் என்பதையும் காட்டுகிறது.

காட்டில் திரியும் குதிரைகளை இன்று தமிழர் நிலத்தில் இரண்டு இடங்களில் காணலாம். கோடியக்கரைச் சரணாலயத்தில் வெளிமான்களுக்கு நடுவே மட்டக்குதிரைகள் மேய்கின்றன. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே நெடுந்தீவில், பவளக்கல் மதில்களுக்கும் பனைகளுக்கும் இடையே, போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்தில் வந்தவற்றின் வழித்தோன்றல்கள் கூட்டமாக அலைகின்றன. கோடையில் குடிநீரின்றி அவை மடிந்த ஆண்டுகளும் உண்டு. இரண்டுமே வீடு விட்டுக் காடேறியவை, பூர்வீகக் காட்டுக்குதிரைகள் அல்ல.

கழுதைகள் கண்ணில் படுவதே இல்லையே, எங்கே போயின?

காணாமல் போன கழுதையைக் குட்டிச்சுவரில் தேடு என்பார்கள். குட்டிச்சுவரிலும் இப்போது இல்லை. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 3.2 லட்சம் கழுதைகள், 2019இல் 1.2 லட்சம். ஏழே ஆண்டுகளில் பாதிக்கும் மேல் போய்விட்டது. அழுக்கு மூட்டையும் செங்கல்லும் மணலும் சுமந்த வேலைகளை வண்டிகள் எடுத்துக்கொண்டன. இன்னொரு காரணம் தோல். சீனாவில் 'எஜியாவோ' என்ற மருந்துப் பண்டத்துக்குக் கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை வேண்டும். அதற்காக ஆப்பிரிக்காவில் கழுதைகள் பெருமளவில் கொல்லப்பட்டன. 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம் தோலுக்காகக் கழுதைகளைக் கொல்வதைப் பதினைந்து ஆண்டுகளுக்குத் தடைசெய்ய ஒப்புக்கொண்டது.

பச்சைக் குழந்தைகளுக்குக் கழுதைப் பால் புகட்டலாமா என்று ஒவ்வொரு ஊரிலும் ஒருவராவது கேட்கிறார்கள். தெருவில் கறந்து சங்கில் ஊற்றும் காய்ச்சாத பாலைப் புகட்ட வேண்டாம். குழந்தை மருத்துவரைக் கேளுங்கள்.

குதிரை நின்றுகொண்டே தூங்குமா?

தூங்கும். கால் மூட்டுகளைத் தசைநார்களால் பூட்டிக்கொள்ளும் ஓர் ஏற்பாடு இருப்பதால் விழாமல் நின்று கண்ணயர முடிகிறது. ஆழ்ந்த உறக்கத்துக்கு மட்டும் படுத்தாக வேண்டும். கூட்டமாக இருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் பெரும்பாலும் படுப்பதில்லை. ஒன்றாவது நின்றுகொண்டு பார்த்துக்கொள்ளும். லாயத்தில் தனியாகக் கட்டிப்போட்ட குதிரை சில நேரம் நாள்கணக்கில் படுக்காமலே நிற்கும்.